எட்டுப் பேருக்கு வேகும்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அவர், பாப்பா, மாமா, கொழுந்தன், நான் எல்லோரும் நலம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? கடையில் உட்கார ஸ்டூல் கொடுத்தார்களா, இல்லை வாடிக்கையாளர் முன்னால் உட்காரக்கூடாது என்று இன்னும் அதே பல்லவிதானா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் போனில் பேச ஆரம்பித்தால் மாமா ரேடியோ சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். கொழுந்தன் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறான். அதனால் மதிய இடைவேளையில், சலவைக்கூடத்தில் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் பதிலை ஆஸ்பத்திரி சலவைக்கூட முகவரிக்கே போடு.

விஷயம் இதுதான். எங்கள் சூப்பர்வைசரம்மா ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு செப்டம்பரில் தேர்வு. உள்ளே வேலை செய்கிறவர்கள் முப்பத்தெட்டு வயது முடியும்வரை எழுதலாம். எனக்கு இந்த நவம்பரில் முப்பத்தெட்டு முடிகிறது. அடுத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது, எப்போது வைத்தாலும் அது எனக்கு இல்லை. பாஸ் செய்தால் நாற்காலி, மேசை, பதிவேடு. இல்லாவிட்டால் இன்னும் இருபது வருஷம் அந்தச் சூடான இஸ்திரி உருளை முன்னால் நின்று விரிப்பு மடிக்க வேண்டும். என் காலை நீ பார்க்கவில்லையே. கணுக்காலுக்கு மேலே நரம்பு நீலமாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. பாப்பா அதை விரலால் தொட்டுக்கொண்டே போய், "இது எங்க போய் முடியுதும்மா?" என்று கேட்கிறாள்.

புத்தகத்தில் ஒன்பது பாடம். தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் முடித்துவிடுவேன். அந்த ஒரு மணி நேரம்தான் இல்லை. நாலரைக்கு எழுந்து ஐந்து பேருக்குச் சமைத்து, டப்பா கட்டி, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. ஆறரைக்கு வந்தால் மறுபடி அடுப்பு. போன வாரம் ஃபிரிட்ஜைத் திறந்தேன், எதற்குத் திறந்தேன் என்பது மறந்துபோய்க் கதவில் தலையைச் சாய்த்து நின்றபடியே தூங்கிவிட்டேன். கொழுந்தன் வந்து, "அண்ணி, குளிரெல்லாம் வெளிய போகுது" என்றான்.

பன்னிரண்டு வருஷமாகச் சமையல் மெஷின்களை ஓட்டிக் காட்டி ஊருக்கே யோசனை சொல்கிறாய், எனக்கும் சொல். களைத்து வருகிற ஒருத்திக்கு எது வாங்கினால் வேலை குறையும்? ஒன்றே ஒன்று போதும். சமையலறையில் பிளக் பாயிண்டும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னவள்


பிப்ரவரி 11

என் சின்னவளுக்கு,

நான் சுகம். முட்டி வலி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். ஸ்டூல் வந்துவிட்டது. அதன்மேல் மிக்ஸி டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி வேலை! நம் வீட்டில் யார் உட்கார்ந்து சம்பாதித்தார்கள்? நீதான் முதல் ஆள்.

மெஷின் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் "எவ்வளவு வேகம்?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது அது இல்லை. கழுவுவதற்கு எத்தனை பாகம் என்று கேட்க வேண்டும். ஏழு பாகம் இருக்கிற மெஷின் ஒரே மாதத்தில் பரணுக்குப் போய்விடும், நான் எழுதியே தருவேன். பாதித் தூக்கத்தில் ஓட்ட முடியுமா என்றும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பொத்தான் இருந்தால் அது தூங்கி எழுந்தவனுக்கான மெஷின், தூங்காதவளுக்கானது இல்லை. எடுத்து வைக்கக் குனிய வேண்டியிருந்தால் வாங்கவே வாங்காதே. இதை மட்டும் முதலாளி காதில் விழாமல் சொல்வேன்.

உனக்கு நேரம் வைக்கிற மின்சாரக் குக்கர்தான் சரி. கீழ் அடுக்கில் பருப்பு, மேல் அடுக்கில் அரிசி. முந்தின நாளே கழுவிப் போட்டு, நேரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துவிடு. நீ எழும்போது வெந்திருக்கும். விசில் எண்ண வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். டெமோவில் நானே கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன், நாளுக்கு நாற்பது நிமிடம் மிச்சம். மூடியில் கீறல் விழுந்த டெமோ பீஸ் ஒன்றை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்சலில் போட்டாயிற்று. தடி ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டியும் உள்ளே இருக்கிறது, ஃபிரிட்ஜை நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே.

புது மெஷினைப் பார்த்து மாப்பிள்ளை முகம் சுளிப்பாரோ என்று யோசிக்காதே. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றாகப் படி.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல ரொட்டியும் வாழைப்பழமுமா?

குக்கர் வந்துவிட்டது. முதல் நாள் நாலரைக்கு எழுந்து சமையலறைக்குப் போனால் ஆவி வந்துகொண்டிருக்கிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கு முன்னால் எழுந்து வேலை பார்த்தது அதுதான். விளக்கைப் போடாமல் அதன் பக்கத்தில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

ஐந்து நாள் அப்படிப் போனது. ஐந்து நாளும் நாற்பது நாற்பது நிமிடம். துணி வகை பிரிப்பது என்கிற முதல் பாடத்தை முழுதாக முடித்தேன். எனக்குத் தெரிந்த வேலைதான், ஆனால் அதைப் புத்தகத்தில் படிக்கும்போது என்னைப் பற்றி யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

ஆறாம் நாள் அவர் டிப்போவிலிருந்து வந்து, "நாளையிலேருந்து இன்னும் மூணு டப்பா சேத்துக் கட்டிடு" என்றார். அவரோடு வேலை செய்கிற மெக்கானிக்குகள், தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். கடைச் சாப்பாட்டில் வயிறு கெட்டுப்போகிறதாம். "அதுல எட்டுப் பேருக்கு வேகுமாமே" என்றார். எட்டுப் பேர் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, நான் சொல்லவில்லை. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும்போல.

சரி என்றேன். வேகவைப்பது மெஷின், உனக்கென்ன என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஆனால் காய் நறுக்குவது நான்தானே. மூன்று டப்பா, கூட அரைக் கிலோ காய். என் நாற்பது நிமிடம் அங்கே போய்விட்டது.

கோபித்துக்கொள்ளாதே. குக்கர் தங்கமானது. இதற்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்.

சின்னவள்


மார்ச் 14

என் சின்னவளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத ஆசைதான். உன் நலம் கடிதத்திலேயே தெரிகிறது.

கவலைப்படாதே, காய்க்கும் மெஷின் இருக்கிறது. கயிறு இழுக்கிற சாப்பர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கரண்ட் வேண்டாம், கழுவ மூன்றே பாகம். வெங்காயத்தை நாலாக வெட்டிப் போட்டு எட்டு இழுப்பு இழு, தூளாகிவிடும். நான் நாள் முழுக்க இழுக்கிறேன். நேற்று மட்டும் முப்பது கேரட். என் வலது கை பயில்வான் கைபோல ஆகிவிட்டது, இடது கை இன்னும் அம்மா பெற்ற கைதான். பிளேடைக் கழுவும்போது மட்டும் கவனம், அது ஆள் பார்க்காது.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். சமையல் மெஷின் விற்கிறவளுக்குச் சமையலறை கிடையாது. ஹாஸ்டல் அறையில் தண்ணீர் சுடவைக்கிற கெட்டில்கூட வைக்கக்கூடாது. வார்டன் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். பக்கத்துக் கட்டில் டைப்பிஸ்ட் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ரொட்டி சுட்டு மாட்டிக்கொண்டாள். ஒரு குடும்பத்துக்கு நான் கடைசியாகச் சமைத்தது உன் கல்யாணத்துக்கு முந்தின மாதம்.

அந்த மூன்று டப்பாவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு இளகின மனசு. இப்போது உனக்குக் காயிலும் இருபது நிமிடம் மிச்சமாகும்.

தைரியமாக இரு.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எல்லோரும் நலம். உன் கை வலிக்கிறதா? எனக்கும் இப்போது வலது கைதான் வலிக்கிறது.

சாப்பர் நன்றாக நறுக்குகிறது. அது வந்த வாரமே மாமா சொன்னார், "முன்னாடி நேரமில்லைன்னு ஒரே காய் பண்ணே. இப்பதான் மெஷின் இருக்கே." அதனால் இரண்டு காய். கொழுந்தன் உடம்பை ஏற்றுகிறானாம், அவனுக்குத் தினமும் ஒரு பெரிய கிண்ணம் பச்சைக் காய் நறுக்கி வைக்க வேண்டும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள். இந்த வீட்டில் யாரும் பிடுங்குவதில்லை. மிச்சமாகிற நிமிடத்தை நான் கையில் வாங்குவதற்குள் அதற்கு ஒரு வேலை வந்து நிற்கிறது.

இரண்டாம் பாடத்தில் நாலு பக்கம் தாண்டியிருக்கிறேன். தொற்றுத் துணிகளைக் கையாளும் விதிகள். ஒரே வரியை மூன்று நாளாகப் படிக்கிறேன், கண் வரியில் இருக்கிறது, நான் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். தேர்வுக்கு முன்னால் பத்து நாள் லீவு எடுக்கலாம், பாக்கி இருக்கிறது. வீட்டில் இருந்தால் அது லீவாக இருக்காது. உன் ஹாஸ்டலில் விருந்தாளியாகத் தங்க விடுவார்களா? நான் தரையில் படுத்துக்கொள்வேன். நீ கடைக்குப் போனதும் படிப்பேன். எனக்குச் சாப்பாடுகூட வேண்டாம், உன் ரொட்டியில் பாதி போதும். முடியுமா என்று பார்த்துச் சொல்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சின்னவள்


ஏப்ரல் 29

என் சின்னவளுக்கு,

நலம். இங்கே வெயில், கடைக்குள் ஏசி, இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஜலதோஷம்.

பூண்டு உரிக்கிற ரப்பர் குழாய் ஒன்றைக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பூண்டை உள்ளே போட்டு மேசைமேல் உருட்டினால் தோல் கழன்றுவிடும். பார்க்க அல்பமாக இருக்கும், ஆனால் டெமோவில் பெண்கள் கை தட்டுவது இதற்குத்தான்.

இன்னொரு யோசனை. ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கு வேண்டிய வெங்காயம் தக்காளியை மொத்தமாக வதக்கி, ஆறவைத்து, சின்னச் சின்ன டப்பாவில் ஃபிரீசரில் வைத்துவிடு. காலையில் ஒரு டப்பாவை எடுத்துச் சூடு பண்ணினால் போதும். கத்தியையும் சாணை பிடித்து வை. உண்மையைச் சொன்னால் நல்ல கத்தி ஒன்று பாதி மெஷினுக்குச் சமம். கடையில் இதைச் சொன்னால் என்னைத் துரத்திவிடுவார்கள்.

ஹாஸ்டல் விஷயம் விசாரிக்க வேண்டும். பிறகு எழுதுகிறேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

அக்கா


ஜூன் 28

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ நலமா?

ரப்பர் குழாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வதக்கி வைப்பதும் நடக்கிறது. ஞாயிறு காலைதான் நான் ஏழு மணிவரை படுத்திருப்பேன், இப்போது அதுவும் போயிற்று.

பத்து நாள் முன்னால் சலவைக்கூடத்தில் நின்றபடியே தூங்கிவிட்டேன். இடது முழங்கை உருளையில் பட்டுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்தது. ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்வதில் ஒரு சௌகரியம், மருந்துக்கு மாடி ஏறினால் போதும். வீட்டில் இரண்டு நாள் எல்லோரும் அக்கறையாக இருந்தார்கள். மூன்றாம் நாள், கையை நனைக்காமல் சமைக்கலாமே, மெஷின்தான் இருக்கிறதே என்றார் மாமா. குத்தலாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

இனி எதையும் அனுப்பாதே அக்கா. ஒவ்வொரு மெஷினும் வரும்போது கூட ஒரு வாயைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

ஹாஸ்டலைப் பற்றி நீ எழுதவே இல்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுது. நான் இன்னும் மூன்றாம் பாடத்தில் நிற்கிறேன்.

சின்னவள்


ஜூலை 6

என் சின்னவளுக்கு,

கை ஆறுகிறதா? அதன்மேல் ஈரத் துணி படாமல் பார்த்துக்கொள். உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கம் காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தேன். அன்றைக்கு அதற்குமேல் என்னால் டெமோ செய்ய முடியவில்லை.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்திருக்கிறேன். அதை இப்போது சொல்கிறேன்.

கடையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வந்தால் பெண்டாட்டியைப் பார்த்துப் பேசாதே, அவளுக்கு அது வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். அவனைப் பார்த்துப் பேசு. அவளுக்கு வேலை குறையும் என்றும் சொல்லாதே, அதைக் கேட்டு எவனும் வாங்கியதில்லை. அவனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல். பன்னிரண்டு வருஷமாக இதைச் சொல்லித்தான் விற்கிறேன், நன்றாகவே விற்கிறேன்.

குக்கர் பார்சலை மாப்பிள்ளை பேருக்குத்தான் போட்டேன், உள்ளே அவருக்கு ஒரு கடிதமும் வைத்திருந்தேன். அவர் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடக்கூடாதே என்கிற பயம். எட்டுப் பேருக்கு வேகும், திடீரென்று யார் வந்தாலும் கவலையில்லை, தினமும் நாற்பது நிமிடம் மிச்சம் என்று எழுதினேன். சாப்பரோடும் ஒன்று எழுதினேன், ஒரு காய் செய்கிற நேரத்தில் இரண்டு காய் என்று. உன் தேர்வைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மறந்து விடவில்லை. அதைச் சொன்னால் விற்காது என்று கை தானாகவே விட்டுவிட்டது. உனக்கு மிச்சமான நேரத்தை அவருக்கு விற்றது நான்தான் சின்னவளே.

ஹாஸ்டல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விருந்தாளிக்கு இரண்டு நாள்தான் அனுமதி என்பது உண்மை. நான் வார்டனிடம் போய்க் கேட்கவே இல்லை என்பதும் உண்மை. நீ வந்தால் திரும்பிப் போகமாட்டாயோ என்று பயந்தேன். எனக்கென்று இருப்பது ஒரு கட்டில், ஒரு அலமாரி. இதில் உன்னை எங்கே வைப்பேன், பாப்பாவை எங்கே வைப்பேன் என்று யோசித்தபடியே இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு இன்றைக்கே வேறு கடிதம் எழுதுகிறேன், உன் தேர்வைப் பற்றி மட்டும். தேர்வு வாரம் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு நானே அங்கே வருகிறேன். அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படி. இது வியாபாரப் பேச்சு இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கைப்புண் ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவருக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. நடு அறையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நான் என்ன உன்னப் படிக்க வேணாம்னா சொன்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்திருக்க மாட்டேனா?" என்றார். நடிப்பு இல்லை, நிஜமாகவே கேட்டார். பிப்ரவரியிலேயே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது டிவி பார்த்தபடி "ம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் கொழுந்தனும் சமைத்தார்கள். குக்கரின் அடிப்பாத்திரத்தை வைக்க மறந்து அரிசியையும் தண்ணீரையும் அப்படியே மெஷினுக்குள் ஊற்றிவிட்டார்கள். நல்லவேளை, பிளக்கைச் செருகியிருக்கவில்லை. அதைக் கவிழ்த்துத் துடைத்து, அடுப்பையும் தரையையும் கழுவி முடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மாமா அன்றைக்குப் பிஸ்கெட் சாப்பிட்டார். மறுநாள் என் வீட்டுக்காரர் மெஷின்களை வைக்கச் சுவரில் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். என் இடுப்பு உயரத்துக்கு அளந்து அடித்திருக்கிறார், குனிய வேண்டியதே இல்லை.

மூன்று டப்பாவைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "வாக்குக் குடுத்துட்டேனே, பாதியில நிறுத்தினா மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? இன்னும் ஒரு மாசந்தானே, கொஞ்சம் சமாளி" என்றார். சமாளிக்கிறேன்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. செப்டம்பர் 21, ஞாயிறு, காலை பத்து மணி. பஸ்ஸில் நின்றபடி படித்து மூன்று பாடத்தை முடித்திருக்கிறேன். மிச்சம் ஆறு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், பதினேழாம் தேதியிலிருந்து. உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். நீ வந்ததும் முதல் நாள் தூங்குவேன். மிச்ச மூன்று நாளில் இரண்டிரண்டு பாடமாக முடித்துவிடுவேன். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு முழுவதையும் ஒரே நாளில் படித்தவள்தானே நான்.

நீ வருகிற ரயில் எது என்று எழுது.

சின்னவள்


செப்டம்பர் 10

என் சின்னவளுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பாப்பா எப்படி இருக்கிறாள்?

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். கடையின் புதுக் கிளை இருபதாம் தேதி திறக்கிறார்கள். டெமோ செய்கிறவர்கள் எல்லோருக்கும் லீவு ரத்து. என் லீவுக் கடிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார், அதே கையால் குறுக்கே கோடு அடித்துவிட்டார். சண்டை போட்டேன். "நாளைக்கே கெளம்புங்கம்மா, ஆனா திரும்பி வர வேண்டாம்" என்றார். வேலை போனால் ஹாஸ்டலில் இருக்க முடியாது. வேலை பார்க்கிற பெண்களுக்குத்தான் அந்தக் கட்டில்.

கிளம்பித்தான் போவோம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லீவு எடுத்த நான்கு நாளும் வீட்டில் இருக்காதே. காலையில் வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் போய் எங்கேயாவது உட்கார்ந்து படி. தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் தூங்கு. அன்றைக்கு அவர்களுக்கு ரொட்டி வாங்கிக் கொடு, யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

பார்சல் எதுவும் அனுப்பவில்லை.

உனக்கு உதவாத,
அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ உன்னை நொந்துகொண்டு சாப்பிடாமல் இருக்காதே. நீ வேலையை விட்டுவிட்டு வந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

நான் தேர்வு நன்றாக எழுதியிருப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டிசம்பரில் முடிவு வரும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். உனக்கு மட்டும் நடந்ததைச் சொல்கிறேன்.

நீ சொன்னபடி நான்கு நாளும் வேலைக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போக நினைத்தேன். லீவு என்பது வீட்டில் முதல் நாளே தெரிந்துவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல் வேறு. மாமா தன் நண்பர் ஒருவரை இரண்டு நாள் தங்க அழைத்திருந்தார், மருமகள் வீட்டில்தானே இருக்கிறாள் என்று. நாலாம் பாடத்தைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஞாயிறு அன்று மூன்றரைக்கு எழுந்து எல்லோருக்கும் மதியம்வரை ஆக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பாப்பா தன் புதுப் பேனாவைக் கொடுத்தாள்.

அது ஒரு பள்ளிக்கூடம். முதுகு சாய்த்துக்கொள்கிற மாதிரி நாற்காலி போட்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் இடம், தலைக்கு மேலே மின்விசிறி. நாற்பது பேர் இருந்தும் சத்தமே இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கேள்வித்தாளைப் பார்த்தேன். முதல் நான்கும் எனக்குத் தெரிந்த கேள்விகள். துணி பிரிப்பது, தொற்றுத் துணிக்கு என்ன நிறப் பை, எத்தனை டிகிரிச் சூடு. நான்கையும் எழுதினேன். கையெழுத்துக்கூட அழகாக இருந்தது. ஐந்தாவது கேள்வியும் நான் பஸ்ஸில் படித்ததுதான். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கக் கண்ணை மூடினேன்.

திறந்தபோது மணி ஒன்று. தாளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எச்சில் வடியத் தூங்கியிருக்கிறேன், விடைத்தாள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அறையைக் கண்காணிக்க வந்திருந்த டீச்சர் என் பக்கத்தில் நின்றார். நரைத்த தலை, கண்ணாடி போட்டிருந்தார். தாளை மெதுவாக என் கன்னத்திலிருந்து எடுத்தார். எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னார், "பத்தரைக்கே பாத்தேம்மா. எழுப்பலாம்னு ரெண்டு தடவ பக்கத்துல வந்தேன். நீங்க தூங்கறதப் பாத்தா எழுப்ப மனசே வரல."

பரவாயில்லை என்றேன்.

அந்த டீச்சர்மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. பதினோரு வருஷத்தில், இவள் கொஞ்சம் தூங்கட்டும் என்று என்னை விட்டுவைத்த ஒரே ஆள் அவர்தான். அந்த இரக்கம் வேறு எந்த நாளில் கிடைத்திருந்தாலும் நான் பிழைத்திருப்பேன்.

உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் சின்னவள்